மறைக்காட்டுக் கதவும் கிராபிக்ஸ் கார்டும்

கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "எது வேகமா ஓடும்?" லினக்ஸ் போட்ட கணினியில் என்விடியா கார்டு இருந்தால் அதற்கு இரண்டு டிரைவர்கள் உண்டு. ஒன்று கம்பெனி தருவது. அதன் முழு மூல நிரலைக் கம்பெனி வெளியிட்டதில்லை. இன்னொன்று நூவோ. தன்னார்வலர்கள் தொடங்கி எழுதியது; எவரும் வரிக்கு வரி படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். வேகத்தை மட்டும் கேட்டால் பதில் சுலபம், பெரும்பாலும் கம்பெனி டிரைவர்தான். ஆனால் வேகத்தோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய வாங்கியவனுக்கு உரிமை உண்டா? மறைத்துக் கொடுக்கிறவன் செய்வது உபகாரமா? உள்ளே தெரியாத ஒன்றை நம்பி ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கலாமா? இவை டிரைவரைவிட வயதான கேள்விகள்.

இப்படி யோசிக்கும் வழக்கம் வீட்டில் வந்தது. அப்பா ஓதுவார். மயிலாடுதுறையில் தருமபுரம் ஆதீனத்துத் தேவாரப் பாடசாலையில் படித்து, வேதாரண்யம் சுற்று வட்டாரக் கோயில்களில் பாடியவர். எனக்குத் திருத்துறைப்பூண்டியில் கணினி பழுதுபார்க்கும் கடை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் கணினியைக் கொண்டுவந்தது. என் கடை அடுப்பு எரிந்ததும் அதனால்தான். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸையே திறந்தார்கள். தப்பித் தவறி லினக்ஸ் பக்கம் போன சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். டிரைவர் பற்றிய கேள்வியோடு வருகிறவர்கள் அவர்களும் அவர்களுடைய தம்பி தங்கைகளும்தான்.

டிரைவர் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் கார்டுக்கும் நடுவே நின்று பேசுகிற நிரல். கார்டுக்குத் தன் பாஷை மட்டும் தெரியும். அந்தப் பாஷையின் இலக்கணத்தைக் கம்பெனி வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் டிரைவர் எழுதலாம். வெளியிடாவிட்டால் கம்பெனி எழுதித் தருவதுதான் வழி. இன்டெல் தன் கிராபிக்ஸ் டிரைவரை வெகுகாலமாகவே திறந்த நிரலாக எழுதி வருகிறது. ஏஎம்டி 2006-ல் ஏடிஐ கம்பெனியை வாங்கியது. அடுத்த ஆண்டே கார்டுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015-ல் அதன் புதிய திறந்த டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள் நேரடியாகவே சேர்ந்தது. என்விடியா கதவைச் சாத்திக்கொண்டது. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் காமிராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி அந்தக் கம்பெனியைத் திட்டியது இதனால்தான்.

மூடிய டிரைவரை ஏற்றினால் கெர்னல் தன் மேல் ஒரு குறி போட்டுக்கொள்ளும். அந்தக் குறியோடு ஒரு கோளாறைச் சொல்லிக்கொண்டு போனால், கெர்னல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காது கொடுக்க மாட்டார்கள். அதைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வா என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மடிசஞ்சி ஆசாரம் போலத் தெரியும். விஷயம் அப்படி இல்லை. கண்ணுக்குப் படாத நிரல் ஒன்று கெர்னலின் நினைவகத்துக்குள் புகுந்து உலாவும்போது, எங்கே எது கெட்டது என்று எவரால் சொல்ல முடியும்? தெரியாததைத் தெரிந்த மாதிரி பேச மாட்டோம் என்கிற நேர்மைதான் அது.

இதையெல்லாம் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "காசு கேக்கிறானாடா?"

"இல்லப்பா. சும்மாத்தான் தர்றான்."

"சும்மா தர்றவன்கிட்ட என்னடா வம்பு?"

நியாயமான கேள்வி. கம்பெனி டிரைவருக்கு விலை கிடையாது, இறக்கிக்கொள்ளலாம். இதற்குப் பதிலை அப்பாவின் ஊர்ப் பக்கமே வைத்திருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து நூறு பேர் அளவில் தொண்டர்களோடு புறப்பட்டார். டெல்டா ஊர்கள் வழியாக நடந்து 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார். 30 அன்று உப்பை அள்ளிக் கைதானார். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். ஒரு வீட்டுக்கு ஆகிற உப்பு வரி பெரிய தொகை அல்ல. நம் கரையில் நம் கண்முன்னே காய்கிற உப்பை எடுக்க இன்னொருவன் உத்தரவு வேண்டும் என்பதைத்தான் அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் மேசை மேல் இருக்கிற கார்டு என்னுடையது. அதை முழு வேகத்தில் ஓடவைக்க இன்னொருவருடைய கையெழுத்து வேண்டும் என்றால், விலை சுன்னமாக இருந்தாலும் அது அதே சங்கதிதான். கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததே இப்படி ஒரு சாதனத்தால். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். அதற்கான மென்பொருளைத் திருத்தலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் மூல நிரலைக் கேட்டார். கிடைக்கவில்லை. 1983-ல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்தப் பிரிண்டரும் இருக்கிறது.

அப்பா சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்தான் எனக்கு வேதாரண்யத்து இன்னொரு கதையை நினைவூட்டினார். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது. இந்தப் பக்கத்தில் கேட்டு வளராத பிள்ளை கிடையாது. திருமறைக்காட்டு ஈசனை வேதங்கள் வந்து பூசித்துவிட்டு, போகும்போது கோயிலின் பெரிய கதவை அடைத்துவிட்டுப் போயின. அதற்குப் பிறகு அதைத் திறக்க ஆளில்லை. ஊர்க்காரர்கள் வேறொரு வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பரும் சம்பந்தரும் வந்தபோது இதைக் கேள்விப்பட்டார்கள். நேர் வாசலில்தான் நுழைய வேண்டும் என்று சம்பந்தர் சொல்ல, கதவு திறக்கும்படி அப்பர் பாடினார். உடனே திறக்கவில்லை. பாடிக்கொண்டே போய்ப் பதினோராம் பாட்டில்தான் தாழ் விலகியது. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், கதவு இனி வழக்கம்போல் திறக்கவும் அடைக்கவும் வேண்டும் என்று அப்பர் கேட்டுக்கொள்ள, சம்பந்தர் அடைக்கப் பாடினார். முதல் பாட்டிலேயே கதவு சாத்திக்கொண்டது. திறக்க இத்தனை பாடு, அடைக்க ஒரே பாட்டா என்று அப்பர் அன்றிரவு மனம் நொந்து கிடந்ததாகக் கதை போகும்.

நூவோவின் கதையும் வேறு வாசல் கதைதான். என்விடியா ஆவணம் தராததால், கம்பெனி டிரைவர் கார்டோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, எந்தக் கட்டளைக்கு எது அசைகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு டிரைவரைக் கட்டினார்கள். 2005 வாக்கில் தொடங்கிய வேலை 2010-ல், 2.6.33 என்ற பதிப்பில், கெர்னலுக்குள் வந்தது. திறக்க அத்தனை வருஷம். அடைக்க ஒரு முடிவு போதும். 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, கம்பெனியின் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை, அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரலை, கார்டு ஏற்க மறுத்தது. கார்டின் வேகத்தைக் கூட்டும் பொறுப்பு அந்த ஃபர்ம்வேரிடம் இருந்தது. கம்பெனி அதை நூவோவுக்குத் தரவில்லை. விளைவு, நூவோவை ஏற்றினால் கார்டு கணினி விழிக்கும்போது இருக்கும் தாழ்ந்த வேகத்திலேயே ஓடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அதே கதி. பக்கத்து வாசலையும் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

கோயில் கதவைப் பற்றிப் பேசுகிறவன், அது யார் யாருக்கு அடைபட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. அப்பர் திறந்த கதவுக்குள்ளும், டெல்டாவின் மற்றப் பெரிய கோயில்களுக்குள்ளும், வயலில் இறங்கி நெல் விளைவித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு வழிவிட்ட சட்டம் வந்தது 1939-ல். தகுதி உள்ளவனுக்கு மட்டும் என்று சொல்லி மறைப்பது எங்கள் மரபுக்கும் தெரிந்த வித்தைதான். கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது நாமும் பக்கத்தில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும்.

சித்தாந்தம் படித்தவர் ஒருவர் இங்கே என்னை மடக்கலாம். சைவத்தில் இறைவனுக்குத் தொழில் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைப்பதும் அவன் செயல். ஆன்மாவுக்குப் பக்குவம் வரும்வரை உண்மையை மறைத்து, உலக அனுபவத்தில் உழலவிடுகிற சக்தியைத் திரோதானம் என்பார்கள். மலத்தோடு கூடி நின்று வேலை செய்வதால் அதையும் ஒரு மலமாக எண்ணினாலும், உள்ளபடி அது அருள்தான் என்பது சித்தாந்தத்தின் முடிவு. அப்படியானால் கம்பெனி மறைத்தால் மட்டும் என்ன தோஷம்? கார்டின் ஃபர்ம்வேரைக் கண்டவன் மாற்றினால் கார்டு கெடும். பழைய கார்டின் பெயரை மாற்றிப் புதிது என்று விற்கிற கள்ளச் சந்தை உண்மையிலேயே இருக்கிறது. பாதுகாப்புக்காக மறைக்கிறோம் என்று சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

இதை நான் நாள் கணக்கில் மனசுக்குள் போட்டு உருட்டியிருக்கிறேன். எனக்குத் தென்பட்ட பதில் அந்த ஐந்தின் வரிசையிலேயே இருக்கிறது. மறைத்தலுக்கு அடுத்து அருளல் வருகிறது. மறைப்பு அருளாவது அது ஒரு நாள் விலகும் என்பதால். விலக்குவதற்காகவே மறைக்கிறான் என்பதால். முடிவு தேதி இல்லாத மறைப்புக்குத் திரோதானம் என்ற பெயர் பொருந்தாது. காப்புரிமைக்குக்கூட இருபது வருஷம் என்று ஓர் எல்லை இருக்கிறது. அது தீர்ந்ததும் கண்டுபிடிப்பு ஊர்ச் சொத்தாகிவிடும். வியாபார ரகசியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. கார்டு செத்தாலும், கார்டு வாங்கியவன் செத்தாலும் ரகசியம் ரகசியமாகவே இருக்கும். ஆகவே மூடிவைத்த எதைப் பார்த்தாலும் நான் கேட்பது, மூடியிருக்கிறதா என்பதை அல்ல. எப்போது, யாருக்குத் திறக்கும் என்பதை. மறைக்காட்டில் அப்பரும் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கட்டும் என்று விரும்பவில்லை. அடைக்கவும் பாட்டு வேண்டும் என்று அவரே கேட்டார். கதவு ஊர்க்காரர் கையில் திறந்து, ஊர்க்காரர் கையில் அடைபட வேண்டும், அவ்வளவுதான். கார்டுக்குக் கையொப்பமும் பூட்டும் இருக்கட்டும். சாவியில் ஒன்று வாங்கியவனிடம் இருக்க வேண்டும்.

சாவி வேறொருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரத்திலேயே சாட்சி உண்டு. தேவார ஏடுகள் கோயிலில் ஓர் அறைக்குள், அதைப் பாடிய மூவரின் கை இலச்சினையோடு பூட்டப்பட்டிருந்தன. அந்த மூவர் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தில்லை அந்தணர்கள் என்பது திருமுறைகண்ட புராணம் சொல்லும் வரலாறு. மூவரும் மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சோழ மன்னன், ராசராசன் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள், மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கொண்டுபோய் நிறுத்தி அறையைத் திறக்க வைத்தான். உடன் நின்றவர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. பாடியதில் பெரும்பகுதி கரையானுக்குப் போய்விட்டது. இன்றைக்கு மூவர் தேவாரம் என்று நம் கையில் இருப்பது எண்ணூறுக்குச் சற்றுக் குறைந்த பதிகங்கள். பூட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு பூட்டவில்லை. காப்பாற்றத்தான் பூட்டினார்கள்.

கார்டு உலகத்தில் கரையான் வருகிற விதம் இது. டெல்டாவில் ஒரு கணினி சீக்கிரம் சாகாது. அண்ணன் கல்லூரிக்கு வாங்கியது தம்பிக்கு, அப்புறம் ஜெராக்ஸ் கடைக்கு, அப்புறம் நெல் வியாபாரியின் கணக்குப் பிள்ளைக்கு என்று பதினைந்து வருஷம் ஓடும். கம்பெனி டிரைவர் அத்தனை காலம் கூட வராது. ஜிடி 210 போன்ற கார்டுகளுக்கான 340 வரிசை 2019 முடிவோடு நின்றது. ஜிடி 610-க்கான 390 வரிசை 2022-ல் நின்றது. ஜிடி 710-க்கான 470 வரிசை 2024-ல் நின்றது. லினக்ஸ் கெர்னல் மட்டும் சில மாதத்துக்கு ஒரு முறை புதிதாகிக்கொண்டே இருக்கும். நின்றுபோன டிரைவர் புதுக் கெர்னலோடு சேராது. திறந்த நிரலாக இருந்தால் யாராவது ஒருவர், பிரேசிலிலோ போலந்திலோ, பழைய கார்டு வைத்திருப்பவர், நாலு வரி திருத்தி ஓடவைத்துவிடுவார். மூடிய நிரலைத் திருத்த ஆளே கிடையாது. நூவோ இருப்பதால் மேலே சொன்ன பழைய கார்டுகள் இன்னும் திரையைக் காட்டுகின்றன. பரிதாபம் நடுவில் மாட்டியவர்களுக்குத்தான். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு 580 வரிசையே கடைசி என்று 2025-ல் அறிவித்துவிட்டார்கள். நூவோவில் அவை தாழ்ந்த வேகத்தைத் தாண்டாது. கையொப்பம் போட வேண்டியவர் உயிரோடுதான் இருக்கிறார், போட மாட்டேன் என்கிறார்.

என்விடியா மாறவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 2022 மே மாதம் கெர்னலுக்குள் போகிற பகுதியின் மூல நிரலை அது திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2018-ல் வந்த டூரிங் வகைக் கார்டுகளுக்கும் பிந்தையவற்றுக்கும் இது பொருந்தும். 2024-ல் 560 வரிசையிலிருந்து அந்தக் கார்டுகளுக்கு அதுவே முதல் தேர்வாக ஆனது. கார்டுக்குள் இருக்கும் சிறு செயலி ஒன்றின் ஃபர்ம்வேரைப் பயன்படுத்திக்கொள்ள இப்போது நூவோவுக்கும் வழி கிடைத்திருக்கிறது. ஆகவே இந்தப் புதிய கார்டுகளில் அதுவும் வேகம் பிடிக்கும். ஆனால் அந்த ஃபர்ம்வேர் மூடியதுதான். படம் வரைவதற்கும் கணக்குப் போடுவதற்குமான மேல்நிலை நிரல்களும் மூடியவைதான். ராஜகோபுர வாசல் திறந்திருக்கிறது, கருவறைக்குத் திரை போட்டிருக்கிறது. ஏஎம்டி, இன்டெல் பக்கம் போனாலும் ஃபர்ம்வேர் என்ற அந்தச் சிறு மூட்டை மூடியதாகவே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதையும் வேண்டாம் என்று உதறுகிற கடும் விரதக்காரர்கள் உண்டு. அவர்களுடைய கெர்னலில் புதிய கார்டுகள் பலவும் வெறும் திரை காட்டுவதோடு நின்றுவிடும். அவர்களை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். ஊரில் நாலு பேர் அப்படி இருப்பதால்தான் மற்றவர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது தெரிகிறது.

விரதத்தை எப்படித் தளர்த்துவது என்பதற்கு டெபியன் ஒரு நல்ல உதாரணம். லினக்ஸ் தொகுப்புகளில் ஆசாரம் மிகுந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் அவர்கள். கட்டற்ற மென்பொருள் தவிர வேறெதையும் தங்கள் தொகுப்பின் அங்கமாகக் கொள்ள மாட்டோம் என்று 1997-ல் ஒரு சமூக ஒப்பந்தமே எழுதிக்கொண்டார்கள். 2022-ல் அவர்களே வாக்கெடுப்பு நடத்தி, மூடிய ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். அது இல்லாமல் புது மடிக்கணினிகளில் வைஃபை கூட வராது. வந்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அதைத் தனிப் பகுதியாக, தனிப் பெயரோடு வைத்தார்கள். எது கட்டற்றது, எது அல்ல என்பது எழுத்தில் இருக்கிறது. நிறுவுகிறவனுக்கும் அது தெரியும். ஆபத்துக்குச் செய்வதை ஆபத்துக்குச் செய்வதாகவே எழுதிவைத்தது எனக்குப் பிடித்திருந்தது. நம் பெரியவர்கள் ஆபத்தர்மம் என்று வைத்ததும் இந்த நிபந்தனையோடுதான்: விதிவிலக்கு விதியாகிவிடக் கூடாது.

அக்கா மகள் தஞ்சாவூரில் கணினி படிக்கிறாள். நெல் இலையின் படத்தைப் பார்த்து, இது குலை நோயா, பாக்டீரியா இலைக்கருகலா, வெறும் துத்தநாகப் பற்றாக்குறையா என்று சொல்லும் மென்பொருள் அவளுடைய புராஜெக்ட். வேண்டாத வேலை என்று சொல்ல முடியாது. துத்தநாகக் குறைக்குப் பூஞ்சாண மருந்தை அடித்துவிட்டுக் காசையும் பயிரையும் விட்டவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவளுடைய மடிக்கணினியில் இருப்பது என்விடியா கார்டு. படங்களைக் காட்டி நிரலைப் பழக்க குடா என்ற என்விடியாவின் ஏற்பாடு வேண்டும்.

"மாமா, நூவோல குடா ஓடுமா?"

"ஓடாதும்மா."

"ஏஎம்டில இதே மாதிரி ஓப்பனா ஒண்ணு இருக்குன்னாங்களே?"

"இருக்கு, ராக்எம்னு. ஆனா எல்லா கார்டுலயும் ஓடாது. உங்கிட்ட அந்தக் கார்டும் இல்ல."

"அப்ப என்ன மாமா பண்றது? மார்ச்ல காட்டணும்."

கம்பெனி டிரைவரைப் போட்டுக் கொடுத்தேன். கையில் இருப்பது இந்தக் கார்டு, முன்னால் நிற்பது இந்த வேலை, வேலை வயலுக்கு உதவக்கூடியது. அவளிடம் தத்துவம் பேசி ஒரு பருவத்தை வீணாக்கினால் அந்தப் பாவம் என் கணக்கில்தான் ஏறும். ஒன்று மட்டும் சொன்னேன்: பழக்கி முடித்த நிரலை எந்தக் கார்டிலும், கார்டே இல்லாத கணினியிலும் ஓடக்கூடிய திறந்த வடிவில் சேமித்துக்கொள். பழக்குவதற்குத்தான் இந்தக் கார்டு வேண்டும், ஒரு இலையைப் பார்த்துச் சொல்ல சாதாரணக் கணினியே போதும். அவள் செய்த வேலை அந்தக் கம்பெனியின் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

அதே பருவத்தில் இன்னொரு கணினியும் வாங்க வேண்டியிருந்தது. அப்பாவும் அவரோடு படித்தவர்களும் பாடிய பழைய கேசட்டுகள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பூஞ்சை பிடிப்பதற்குள் அவற்றை மாற்றி வைக்க வேண்டும், பாடியவர்களில் சிலரின் முகம் தெரியும் காணொளிகளும் உண்டு. அந்தக் கணினிக்குத் தனி என்விடியா கார்டு போட்டால் காணொளி வேலை சீக்கிரம் முடியும் என்று மொத்தக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த, திறந்த டிரைவர் உள்ள செயலியோடு வாங்கினேன். கொஞ்சம் மெதுவாக ஓடட்டும். அப்பா காலத்துக்குப் பிறகும், ஏன், என் காலத்துக்குப் பிறகும் அந்தப் பாட்டுகள் கேட்க வேண்டும். யாரோ ஒரு கம்பெனி ஆதரவு முடிந்தது என்று அறிவிக்கிற தேதி அதில் குறுக்கிடக் கூடாது.

இந்த இரண்டு கணினிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த டிரைவர் என்ற கேள்வியின் தர்மம் நிறுவும்போது பிறப்பதில்லை. அது கார்டு வாங்கும் கவுண்டரிலேயே முடிந்துவிடுகிறது. கார்டு வந்த பிறகு அதை ஓடவைப்பதில் குற்றம் ஏதுமில்லை, அதுவும் படிக்கிற பிள்ளைக்கும் பிழைப்புக்கு வரைகிறவனுக்கும் குற்றம் சுமத்த எனக்கு உரிமை இல்லை. பாரம் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் மேல் விழுகிறது. கல்லூரிக்கு ஐம்பது கணினி வாங்கும் துறைத்தலைவர், நூலகத்துக்கு வாங்கும் அதிகாரி, ஆவணங்களைக் காக்கிற நிறுவனம், மடத்துக்கும் கோயிலுக்கும் வாங்குகிறவர்கள்: இவர்கள் கேட்டால்தான் கம்பெனிகள் கதவைத் திறக்கும். என்விடியா 2022-ல் திறந்த அளவுக்குத் திறந்ததும், இத்தனை வருஷம் பாடிக்கொண்டே நின்றவர்கள் இருந்ததால் என்றே நான் நினைக்கிறேன்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "பதினொண்ணு பாடினாத்தான் தெறக்கும்னா பாட வேண்டியதுதான்" என்றார். அவர் தேவாரம் கற்றுக்கொடுக்க யாரிடமும் சாதி கேட்டதில்லை, காசு கேட்டதில்லை. ஆகவே அதைச் சொல்ல அவருக்கு யோக்கியதை உண்டு.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குடா இல்லாமல் நடக்காத வேலை கையில் இருந்தால் என்விடியா வாங்குங்கள், டூரிங்குக்குப் பிந்தைய கார்டாகப் பார்த்து வாங்குங்கள், செய்த வேலையைத் திறந்த வடிவில் சேமியுங்கள். அந்தத் தேவை இல்லாவிட்டால் இன்டெல்லோ ஏஎம்டியோ வாங்குங்கள். டிரைவர் கெர்னலோடே வரும், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் காக்க வேண்டிய எதையும் மூடிய டிரைவர் உள்ள கணினியை நம்பி வைக்காதீர்கள். கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், இதன் டிரைவர் திறந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.